ரென்னட் விட்டும் சீஸ் கட்டியாகவில்லை, எங்கே தவறு?

கட்டுத்தரை_கோபி:
வணக்கம். கோபிசெட்டிபாளையம் பக்கம் சிறிய தோட்டம். தைப் பொங்கல் கழிந்ததும் இரண்டு ஜெர்சி கலப்பினக் கறவைகள் பிடித்தோம். காலையில் எட்டு, மாலையில் ஆறு லிட்டர் கறக்கின்றன. சொசைட்டியில் லிட்டருக்கு 36 ரூபாய் கிடைக்கிறது. புண்ணாக்கு, தவிடு, சோளத்தட்டு வாங்கிய கணக்கைப் பார்த்தால் மாட்டுக்கு நான் சம்பளமில்லாத ஆள். கடையில் சீஸ் விற்கிற விலையை மகள் சொன்னதிலிருந்து எனக்கு அந்த ஆசை பிடித்துக்கொண்டது.

முதல் முறை 5 லிட்டர் பாலைப் பொங்கக் காய்ச்சி, ஆறவைத்து, மோர் விட்டு, பிறகு ரென்னட் (பாலைக் கட்டியாக்கும் நொதி) விட்டேன். மூன்று மணி நேரம் கழித்தும் கம்மங்கூழ் மாதிரி இருந்தது. மறுமுறை தெர்மாமீட்டர் வைத்து 63 டிகிரியில் அரை மணி நேரம் மட்டும் சூடாக்கினேன். ஓரளவு கட்டியது, ஆனால் கத்தி பட்டதும் குழைந்துவிட்டது. துணியில் கட்டி இரவெல்லாம் தொங்கவிட்டும் துளி புளிப்பு ஏறவில்லை. ரென்னட் போலியா?

பால்காரன்_பேரன்:
முதல் முறை பாலைப் பொங்கவிட்டதுதான் தவறு. கொதிக்கும்போது, வடிநீரோடு போகவேண்டிய மோர்நீர்ப் புரதம், கட்டியாகிற கேசீன் என்ற பால் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ரென்னட் எவ்வளவு விட்டாலும் பிடிப்பு வராது. கொதித்த பாலில் எலுமிச்சை பிழிந்து பன்னீர் செய்யலாம். அந்தப் புரதமும் கட்டியோடு சேர்ந்து வருவதால் எடையும் கூடும். இரண்டாவது முறை ஏன் கெட்டது என்று எனக்குப் புரியவில்லை.

கோத்தகிரி_அக்கா:
தம்பி, ஒரு கேள்வி. அந்த வாரம் உங்கள் வீட்டில் தயிர் உறைந்ததா?

கட்டுத்தரை_கோபி:
அக்கா, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? உறையவில்லை. குளிர் என்று நினைத்து வீட்டுக்காரி உறைமோர்க் கிண்ணத்தைத் துண்டு சுற்றி அடுப்படியில் வைத்தாள். சிவலை மாட்டுக்கு மடிநோய் வந்து, ஒரு காம்பில் டாக்டர் மருந்து ஏற்றியிருந்தார். சில நாள் சொசைட்டிக்கு ஊற்ற வேண்டாம் என்றார். வீணாகிறதே என்று அந்தப் பாலைத்தான் சீஸுக்கு எடுத்தேன்.

கோத்தகிரி_அக்கா:
வீணாகிறதே என்று நினைத்தீர்களா? ஊராருக்கு ஆகாத பால் உங்கள் பிள்ளைக்கு ஆகுமா?

பாலில் இருந்த ஆன்டிபயாடிக், உறைமோரில் உள்ள பாக்டீரியாவைக் கொன்றுவிட்டது. அவை இல்லாமல் புளிப்பு எங்கிருந்து வரும்? போதாததற்கு மடிநோய்ப் பாலில் கேசீன் குறைவு, உப்புச்சத்து அதிகம். கட்டி தளர்ந்துதான் விழும். ரென்னட்டைக் குறை சொல்லாதீர்கள். ஒரு காம்பில் மருந்து ஏற்றினாலும் நான்கு காம்புப் பாலும் ஆகாது. மருந்து உறையில் எத்தனை நாள் என்று போட்டிருக்கும், அத்தனை நாளும் கீழே ஊற்றுங்கள். கன்று ஈன்ற முதல் சில நாள் சீம்பாலும் சீஸுக்கு வேண்டாம், கன்றுக்குப் போக மிச்சத்தைக் கடும்பாகக் காய்ச்சிச் சாப்பிடுங்கள்.

நானும் 63 டிகிரி, அரை மணி நேரம்தான். காய்ச்சாத பாலில் செய்தால் ருசி என்பார்கள், எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. மாடு கன்று வீசக் காரணமான புருசெல்லோசிஸ் பால் வழியாக மனிதருக்கும் வரும். சூடாக்கிய பாத்திரத்தை உடனே தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, 32 டிகிரிக்குக் கொண்டுவந்து, உறைமோர் விட்டு முக்கால் மணி நேரம் காத்திருங்கள். பிறகு ரென்னட்டைக் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்து விடுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் அதைக் கெடுக்கும். இன்னொரு முக்கால் மணி நேரம் பாத்திரத்தை அசைக்காதீர்கள். பின் கத்தியைச் சாய்த்துச் செருகி மெல்லத் தூக்குங்கள். கட்டி பிளந்து, வெடிப்பில் பச்சை கலந்த மஞ்சள் நீர் ஊறி நின்றால் வெட்டலாம். வெள்ளையாகக் கலங்கினால் இன்னும் பத்து நிமிடம்.

சமவெளியில் செடார் என்ற கெட்டிச் சீஸ் ஆசை வேண்டாம். அது 10 முதல் 13 டிகிரியில் மாதக்கணக்கில் முதிர வேண்டும்; வீட்டு ஃபிரிட்ஜ் அதற்கு அதிகக் குளிர். உப்புநீரில் ஊறவைக்கிற வகையில் தொடங்குங்கள்.

பால்காரன்_பேரன்:
கணக்கையும் போட்டுவிடுங்கள். கெட்டியான சீஸ் என்றால் 10 லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. உங்கள் விலையில் பாலே 360 ரூபாய். ரென்னட், எரிவாயு, உங்கள் கூலி தனி. விற்பதற்கு முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும்.

கட்டுத்தரை_கோபி:
பத்து நாள் கழித்து எழுதுகிறேன். முதலில் தயிர் வைத்துப் பார்த்தோம், கெட்டியாக உறைந்தது. அதற்குப் பிறகுதான் 6 லிட்டரில் இறங்கினேன். கத்தியைத் தூக்கியபோது மஞ்சள் நீர் ஊறியது. வீட்டுக்காரியைக் கூவிக் கூப்பிட்டுக் காட்டினேன். உப்புநீரிலிருந்து எடுத்து நிறுத்ததில் 780 கிராம். "உப்புப் போட்ட பன்னீர்" என்று சொல்லிவிட்டு, இரண்டு துண்டு கூடுதலாக எடுத்துக்கொண்டாள். ஒரு குடம் மோர்நீர் மிச்சம், அதைக் கன்றுகளுக்கு வைக்கலாமா அக்கா?

கோத்தகிரி_அக்கா:
உப்புச் சேர்ப்பதற்கு முன் வடித்ததுதானே? பெரிய கன்றுக்குத் தவிட்டில் கொஞ்சமாகக் கலந்து வையுங்கள், ஒரே நாளில் குடத்தைக் காலி செய்தால் கழியும். மிச்சத்தில் சப்பாத்தி மாவு பிசையச் சொல்லுங்கள்.