வாத்துச் சிவப்பணு சிதைவுச் சோதனை: கன்ட்ரோல் குழாயும் சிவக்கிறது, ஏன்?

கேள்வி: மூன்று வார வாத்துக் குஞ்சுகளின் கல்லீரலில் இருந்து பிரித்த ரைமெரெல்லா அனாடிபெஸ்டிஃபர் பாக்டீரியா, சிவப்பணுவைச் சிதைக்கிறதா என்று பார்க்கிறேன். செம்மறி ரத்த அகாரில் (ரத்தம் கலந்த வளர்தட்டு) சிதைவு வளையம் இல்லை. 2% வாத்துச் சிவப்பணுக் கரைசலில் குழாய்ச் சோதனை வைத்தால், கிருமி இல்லாமல் வெறும் பிபிஎஸ் (பாஸ்பேட் உப்புநீர்) ஊற்றிய கன்ட்ரோலும் சிவக்கிறது. எல்லா அணுவும் சிதைந்தால் எவ்வளவு என்று பார்க்க வைத்த வடிநீர்க் குழாயில் கொழகொழவென்று இழுக்கிறது, 540 நானோமீட்டர் ஒளியில் சிவப்பின் அளவு நிலையாக நிற்கவில்லை. ரத்தம் இடிடிஏ (உறைவுத் தடுப்பான்) குழாயில் எடுத்தது. எங்கே சரிசெய்ய வேண்டும்?

பதில் 1: கொழகொழப்பு டிஎன்ஏதான். பறவைச் சிவப்பணுவில் உட்கரு உண்டு, வடிநீரில் அதுவும் சேர்ந்து வெடிக்கும். முழுச்சிதைவுக்கு வடிநீரை விட்டுவிட்டு, பிபிஎஸ்ஸில் கலந்த 0.1% டிரைட்டான் எக்ஸ்-100 (சோப்பு போன்ற பொருள்) போடுங்க. வெளிச்சவ்வு கரையும், உப்பு இருப்பதால் உட்கரு பெரும்பாலும் உடையாமல் அடியில் படியும். சுழற்றியதும் மேல்நீரை மட்டும் அலுங்காமல் எடுத்து அளங்க.

கன்ட்ரோல் சிவப்பது எடுக்கும் விதத்தால். இறக்கை நரம்பில் மெதுவாக உறிஞ்சி, ஊசியைக் கழற்றிவிட்டுக் குழாயின் பக்கவாட்டில் வழியவிடுங்க. மையவிலக்கியில் 500 ஜி விசையில் 10 நிமிடம் சுழற்றி, மூன்று முறை கழுவணும். மூன்றாவது கழுவலிலும் மேல்நீர் சிவப்பாக இருந்தால் அந்த ரத்தம் வேண்டாம். செத்த குஞ்சின் ரத்தத்தையும் தொடாதீங்க, அது தானாகவே சிதைந்திருக்கும்.

பதில் 2: இடிடிஏ-வை முதலில் மாற்றுங்க. ஈ.கோலையின் ஹீமோலைசினுக்கும் (சிவப்பணுவைச் சிதைக்கும் நச்சு), கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸின் ஆல்ஃபா நச்சுக்கும் கால்சியம் வேண்டும். மிச்ச இடிடிஏ அதைப் பிடித்துக்கொண்டால், சிதைக்கும் கிருமிகூட ஒன்றும் செய்யாதது போலத் தெரியும். உறையாமல் இருக்க ஹெபாரின் போதும். பிபிஎஸ்ஸில் கால்சியம் சேர்த்தால் பாஸ்பேட்டோடு சேர்ந்து வெண்மையாகப் படியும். அதனால் பாஸ்பேட் இல்லாத டிரிஸ் உப்புநீரில் 10 மில்லிமோல் கால்சியம் குளோரைடு சேர்ப்பது நல்லது.

செம்மறி அகாரில் வளையம் இல்லாததை வைத்து முடிவு கட்டாதீங்க. செம்மறிச் சிவப்பணுச் சவ்வில் ஸ்பிங்கோமைலின் என்ற கொழுப்புதான் அதிகம், பாஸ்ஃபாடிடில்கோலின் என்ற கொழுப்பு மிகக் குறைவு. பாஸ்ஃபாடிடில்கோலினை மட்டும் வெட்டும் நொதி அங்கே தெரியாமல் போகும்.

கேட்டவர்: நன்றி. கிருமி சவ்வில் துளை போடுகிறதா, நொதியால் சவ்வை வெட்டுகிறதா என்று எப்படிப் பிரிப்பது?

பதில் 2: ஒரு குழாயில் 30 மில்லிமோல் டெக்ஸ்ட்ரான் 4 (பெரிய சர்க்கரை மூலக்கூறு) சேருங்க. ஈ.கோலை ஹீமோலைசின் போலச் சின்னத் துளை என்றால், அணுவுக்குள் தண்ணீர் புகுந்து வெடிப்பதை டெக்ஸ்ட்ரான் தடுக்கும், மேல்நீர் தெளிவாகவே இருக்கும். அப்படியும் சிவந்தால் பெரிய துளையாகவோ, சவ்வை வெட்டும் நொதியாகவோ இருக்கலாம். சிதைவுச் சதவீதத்துக்கு, கன்ட்ரோல் அளவை மாதிரியிலும் முழுச்சிதைவிலும் கழித்து, முன்னதைப் பின்னதால் வகுத்து, 100-ஆல் பெருக்குங்க.