ஆராய்ச்சிக்கு உதவினா கிரெடிட் கிடைக்குமா? (பி.எஸ்சி. சைக்காலஜி)

பொருநைக்கரை:
பாளையங்கோட்டையில ரெண்டாம் வருஷம் படிக்கேன். பிஎச்.டி. பண்ற அக்கா ஒருத்தங்க முக்கூடல் பக்கம் பீடி சுத்துற பெண்களோட தூக்கம், மன அழுத்தம் பத்தி ஆய்வு செய்றாங்க. கேள்வித்தாள் நிரப்ப ஆள் வேணுமாம். இதுக்குக் கிரெடிட் உண்டா, இல்ல சர்ட்டிபிகேட்டோட சரியா? அண்ணாச்சிமார், அக்காமார் சொல்லுங்க.

சிலபஸ் அண்ணாச்சி:
உண்டு தம்பி, ஆனா முதல்ல சிலபஸைத் திறந்து பாரு. இன்டர்ன்ஷிப், களப்பணி, புராஜெக்ட், இதுல ஒண்ணு பேப்பர் கோடோட இருந்தா இந்த வேலையை அதுக்குள்ள அடக்கிரலாம். கோடு இல்லாம மார்க்‌ஷீட்ல எதுவும் ஏறாது. தன்னாட்சிக் கல்லூரின்னா பாடத்திட்டக் குழு புதுசா ஒரு பேப்பர் சேர்க்க முடியும். இணைப்புக் கல்லூரின்னா அபிஷேகப்பட்டியில இருக்கிற மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் போடுற சிலபஸ்தான்.

யுஜிசி 2022 கட்டமைப்புப்படி களப்பணிக்கும் இன்டர்ன்ஷிப்புக்கும் 30 மணி நேரம் ஒரு கிரெடிட். ரெண்டு கிரெடிட்டுக்கு வாரம் 4 மணி வீதம் 15 வாரம். வேலை தொடங்கும் முன்னயே துறைத் தலைவர்ட்ட கடிதம் வாங்கு: பேப்பர் கோடு, மொத்த மணி, யார் மார்க் போடுவாங்க, மூணும் அதுல இருக்கணும். நேரப் பதிவேட்டுல வாராவாரம் கையெழுத்து வாங்கிரு. அந்த அக்கா கையெழுத்து மட்டும் போதாது, அவங்க கைடும் போடணும். செமஸ்டர் கடைசியில மொத்தமா நீட்டுனா யாரும் நம்பமாட்டாங்க.

களப்பணி அக்கா:
ஆளுங்கள வச்சுச் செய்ற ஆய்வு சரியான முறையில நடக்குதான்னு பார்க்கிற நெறிமுறைக் குழுவோட ஒப்புதல் வந்தாச்சான்னு கேளு. வராம சேர்த்த தரவு வீண்.

எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு ஒப்புதல் படிவத்தை முழுசா வாசிச்சுக் காட்டி, ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முன்னாடி கைரேகை வாங்கணும். பீடியைக் கடையில போடப் போற அவசரத்துல கேட்டா எல்லாத்துக்கும் ‘ஆமா’ன்னு தலையாட்டிருவாங்க, போட்டுட்டு வந்தபிறகு போ. பக்கத்துல மாமியாரோ மதினியோ இருந்தா பதிலே மாறிப்போகும், தனியா உட்கார்ந்து கேளு. கேள்வி புரியலன்னா அதே வார்த்தையில திரும்ப வாசி. நீயா விளக்குனா ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு கேள்வி ஆயிரும். கேள்வித்தாள்ல எண் மட்டும்தான், பேர் இருக்கிற பட்டியல் தனியாப் பூட்டுல இருக்கணும். படிவத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பவே கூடாது, அது அவங்க நம்பிச் சொன்ன விஷயம்.

ஜமோவி:
தரவு ஏத்தும்போது: 1 முதல் 5 வரை புள்ளி போடுற அளவுகோல்ல எதிர்மறைக் கேள்வின்னா (மத்த கேள்விக்கு எதிர்த்திசையில கேட்கிறது) 6-லிருந்து கழிக்கணும், 1 முதல் 4 வரைன்னா 5-லிருந்து. மறந்தா கிரான்பாக் ஆல்ஃபா (கேள்விகள் ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு காட்டுற எண்) சரியும், சில சமயம் மைனஸ்லகூட போகும். பதில் சொல்லாத இடத்துல 0 போடாத, காலியா விடு. பத்துத் தாளுக்கு ஒண்ணை இன்னொருத்தர் மறுபடி ஏத்தி ஒத்துப்பார்க்கட்டும்.

பொருநைக்கரை:
நன்றி. ஏற்கெனவே ரெண்டு சனிக்கிழமை போயிட்டேன், அது கணக்குல வருமா?

சிலபஸ் அண்ணாச்சி:
கடிதத் தேதிக்கு முந்தினதைச் சேர்க்காத. முன்தேதி போட்டு எழுதுனது தெரிஞ்சா மொத்தப் பதிவேடும் போயிரும். அதைப் பயிற்சின்னு தனியாக் குறிச்சு வை.