கம்பெனி ஆப்ஷன், ஷோரூம் ஃபிட்டிங், வெளியில் மாட்டியது: இன்சூரன்ஸில் எதையெல்லாம் சொல்லணும்?

பின்சக்கரம் (கேள்வி)

செகண்ட் ஹேண்ட் கார், வயசு மூணு வருஷம். இந்த முறை இன்சூரன்ஸ் கம்பெனியை மாத்தப் போறேன். ஆன்லைன் படிவத்தில் "வாகனத்தில் மாற்றங்கள் ஏதேனும் செய்யப்பட்டுள்ளதா?" என்று ஒரே ஒரு கேள்வி. ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான். காரில் இருப்பவை:

- பனோரமிக் சன்ரூஃப், அடாப்டிவ் எல்இடி ஹெட்லைட். ஃபேக்டரி ஆப்ஷன், முதல் இன்வாய்ஸில் தனியாகப் போட்டிருக்கு.
- டோ பார் (டிரெய்லர் இழுக்கும் கொக்கி), ரிவர்ஸ் கேமரா. டெலிவரிக்கு முன்னாடி ஷோரூமில் மாட்டியது.
- 205/55 R16 டயர் (16 இன்ச் சக்கரம்) இருந்த இடத்தில் 225/40 R18 டயரோடு 18 இன்ச் அலாய் வீல். முதல் ஓனர் வேலை.
- டாஷ்கேம்.
- இசியூ ரீமேப் (பவரைக் கூட்ட இன்ஜின் கணினியின் சாஃப்ட்வேரை மாத்துவது). "செஞ்சேன், அப்புறம் ஸ்டாக்குக்கே (கம்பெனி கொடுத்த நிலைக்கே) திருப்பிட்டேன்" என்று முதல் ஓனர் சொன்னார்.

இதில் எதுக்கு "ஆம்"? அத்தனையும் சொன்னா பிரீமியம் எகிறிடுமா?

நான்காவது கியர்

ஃபேக்டரி ஆப்ஷனை எல்லாம் சொல்லவே வேண்டாம் ப்ரோ. சேசிஸ் நம்பரைப் போட்டாலே என்னென்ன இருக்குன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடும். மத்ததுக்கு மட்டும் "ஆம்" போடுங்க.

சர்வே கண்

மேலே சொன்னதில் பாதிதான் சரி. 17 எழுத்து சேசிஸ் நம்பரில் தயாரிப்பாளர், மாடல், தொழிற்சாலை, வரிசை எண் எல்லாம் இருக்கும். சன்ரூஃப் இருக்கா இல்லையா என்பது அதில் இருக்காது. ஆப்ஷன் பட்டியல் இருப்பது தயாரிப்பாளரின் தனி டேட்டாபேஸில். பிரீமியம் கணக்குப் போடும் சிஸ்டம் பெரும்பாலும் "இந்த மாடல், இந்த வேரியன்ட்" என்பதோடு நின்றுவிடும். அது மனதில் வைத்திருப்பது ஆப்ஷன் எதுவும் இல்லாத காரை.

ஃபேக்டரி ஆப்ஷனைப் பல கம்பெனிகள் "மாற்றம்" என்று எடுத்துக்கொள்வதில்லை. சில கம்பெனிகளின் பாலிசி புத்தகத்தில் மட்டும், விளக்கங்கள் பகுதியில், "தயாரிப்பாளரின் அடிப்படை நிலையிலிருந்து வேறுபடும் எதுவும், கூடுதல் ஆப்ஷன்கள் உட்பட" என்று இருக்கும். படிவத்தில் கேள்வி ஒரு வரிதான். அதற்கு என்ன அர்த்தம் என்பதை இந்தப் புத்தகம்தான் தீர்மானிக்கும். பணம் கட்டும் முன் அந்த ஒரு பக்கத்தைத் தேடிப் படியுங்கள்.

மாற்றம் இல்லை என்று அவர்கள் எழுதியிருந்தாலும் ஆப்ஷனைச் சொல்வதில் உங்களுக்கு லாபம் உண்டு. கார் திருடு போனாலோ முழுசாக நொறுங்கினாலோ மதிப்புப் போடுவது வேரியன்ட்டை வைத்து. ஆப்ஷனுக்கு ஆதாரம் இல்லையென்றால் அந்தப் பணம் போச்சு. இன்வாய்ஸ் உங்களிடம் இருப்பது நல்லது. இல்லாதவர்கள் டீலரிடம் சேசிஸ் நம்பர் கொடுத்து பில்ட் ஷீட் (ஃபேக்டரியில் காரில் போட்டவற்றின் பட்டியல்) கேட்டு வாங்கலாம். ஃபோக்ஸ்வாகன் குழுமக் கார்களில் ஆப்ஷன் குறியீடுகள் கொண்ட ஸ்டிக்கர் டிக்கியில் ஸ்பேர் வீல் பக்கத்திலோ சர்வீஸ் புத்தகத்திலோ ஒட்டியிருக்கும். ஒரு போட்டோ எடுத்து காருக்கு வெளியே பத்திரப்படுத்துங்கள். காரோடு சேர்ந்து திருடு போகும் ஆதாரத்தால் பயன் இல்லை.

சன்ரூஃப் விஷயத்தில் இன்னொன்று. "கண்ணாடி கவர்" என்று தனியாக இருந்தால், அது முன்கண்ணாடிக்கும் ஜன்னல்களுக்கும் மட்டுமா, கூரைக் கண்ணாடிக்கும் உண்டா என்று பாருங்கள். கூரையை விட்டுவிட்ட பாலிசிகள் இருக்கின்றன.

ஷோரூமில் மாட்டியது வேறு கதை. தயாரிப்பாளரின் ஒரிஜினல் பாகமாகவே இருக்கலாம், கார் இன்வாய்ஸிலேயே கூட வந்திருக்கலாம். ஆனால் ஃபேக்டரியை விட்டுக் கிளம்பியபோது காரில் அது இல்லை. பில்ட் ஷீட்டிலும் வராது. எனவே மாற்றம் என்றே சொல்லிவிடுங்கள். டோ பார் சின்ன விஷயமாகத் தெரியும். பல கார்களில் பின் பம்பருக்குள் இடியைத் தாங்க இருக்கும் குறுக்குச் சட்டமான கிராஷ் பீமைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில்தான் டோ பாரைப் போல்ட் போடுகிறார்கள். பின்னால் ஒரு இடி வாங்கினால் பழுது எங்கே வரும், எவ்வளவு ஆகும் எல்லாமே மாறிவிடும். டிரெய்லர் இழுப்பதற்கான கவர் தனி. டோ பாரைப் பதிந்துவிட்டதால் அதுவும் சேர்ந்து வந்துவிடாது.

ரப்பர் வாசம்

வீலைப் பத்தி நான் சொல்றேன். 205/55 R16 மொத்த விட்டம் சுமார் 632 மிமீ, 225/40 R18 சுமார் 637. வித்தியாசம் 0.8% தான், ஸ்பீடோமீட்டர் பெருசா ஏமாத்தாது. சிக்கல் லோட் இண்டெக்ஸ்ல (டயர் எவ்வளவு எடை தாங்கும்னு சொல்ற குறியீட்டு எண்). 205/55 R16 டயர் வழக்கமா 91, அதாவது ஒரு டயருக்கு 615 கிலோ. 225/40 R18 சாதா டயர் 88, வெறும் 560 கிலோ. கூடுதல் எடை தாங்கும் எக்ஸ்எல் வகை வாங்கினா 92, 630 கிலோ. உங்க டயர் பக்கவாட்டில் 88 இருந்து, காருக்கு 91 தேவைன்னா, அலாயைப் பதிஞ்சாலும் பிரயோஜனமில்லை. "சாலைக்குத் தகுதியற்ற நிலை" என்கிற வாசகத்தைக் காட்டி க்ளைமில் கை வைப்பாங்க. முதல்ல டயரைப் போய்ப் பாருங்க.

டிரைவர் கதவுத் தூண் ஸ்டிக்கரில் 18 இன்ச் சைஸும் போட்டிருக்கான்னும் பாருங்க. மேல் வேரியன்ட்டுக்கு அந்த சைஸ் வந்திருந்தா இருக்கும். இருந்தா தயாரிப்பாளர் ஒத்துக்கிட்ட சைஸ்னு அர்த்தம், பேச்சு சுலபமா முடியும். ஆனா உங்க கார் 16-லதான் பிறந்துச்சு, அதனால சொல்லாம விட முடியாது. சொல்லும்போது சைஸ், ரிம் அகலம், ஆஃப்செட் (சக்கரம் எவ்வளவு உள்ளே உட்காருதுன்னு மிமீ-ல சொல்ற ஈடி எண்) மூணும் கொடுங்க. ஈடி45 இருந்த இடத்துல ஈடி35 போட்டா சக்கரம் 10 மிமீ வெளியே வரும். ஸ்பேசர் (சக்கரத்தை வெளியே தள்ள நடுவுல வைக்கும் தட்டு) இருந்தா அது தனி ஐட்டம், "அலாய் வீல்"னு ஒரே வார்த்தையில் அடக்கிடாதீங்க.

ரீமேப்தான் உங்க பட்டியல்லயே ஆபத்தானது. கண்ணுக்குத் தெரியாது, ஆனா தடம் இருக்கும். பல இசியூக்கள் எத்தனை தடவை எழுதப்பட்டதுன்னு ஒரு கவுண்ட்டர் வெச்சிருக்கும். ஸ்டாக் ஃபைலைத் திரும்ப ஏத்துறதே இன்னொரு எழுத்துதான், கவுண்ட்டர் ஒண்ணு கூடும். ஃபோக்ஸ்வாகன் குழுமத்துல, ரீமேப் இருக்கும்போது கார் டீலர்கிட்ட போயிருந்தா, சாஃப்ட்வேரை மாத்தியிருக்காங்கன்னு காட்டும் டிடி1 குறி தயாரிப்பாளரின் சர்வர்லயே விழுந்திருக்கலாம். காரில் எதை அழிச்சாலும் அது அழியாது. டீலர்கிட்ட இசியூவின் சாஃப்ட்வேர் எண்ணைப் படிச்சு, ஸ்டாக்தான்னு எழுத்துல வாங்குங்க. முடிஞ்சா டைனோவில் (பவரை அளக்கும் மெஷின்) ஒரு ரன், பவர் ஸ்டாக் அளவுல இருக்கான்னு. அப்புறம் "முன்பு ரீமேப், இப்போ ஸ்டாக், அறிக்கை இணைப்பில்"னு சொல்லுங்க. முதல் ஓனர் வாய் வார்த்தை க்ளைம் நேரத்துல செல்லாது.

டாஷ்கேம்: லைட்டர் சாக்கெட்ல சொருகினதுன்னா வெறும் பொருள்தான். ஃபியூஸ் பாக்ஸ்ல இருந்து வயர் எடுத்திருந்தா எலெக்ட்ரிக்கல் ஃபிட்டிங், சொல்லணும். ஃபியூஸ் இல்லாம நேரா வயர் இழுத்திருந்தா முதல்ல அதைச் சரி பண்ணுங்க.

பின்சக்கரம்

ரெண்டு பேருக்கும் நன்றி. டயரைப் பார்த்தேன், 92 எக்ஸ்எல். இன்னொரு கேள்வி: தெரியாம ஒண்ணை விட்டுட்டா க்ளைம் மொத்தமா போயிடுமா?

அடிக்குறிப்பு

எந்த நாட்டு பாலிசி என்பதைப் பொறுத்தது.

பிரிட்டனில் தனிநபர் பாலிசிகளுக்கு 2012-ம் ஆண்டுச் சட்டம், 2013 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. கேட்ட கேள்விக்கு நியாயமான கவனத்தோடு பதில் சொன்னால் போதும். கவனக்குறைவால் தவறாகச் சொல்லியிருந்தால், உண்மை தெரிந்திருந்தால் கம்பெனி என்ன செய்திருக்கும் என்பதுதான் அளவுகோல். பிரீமியம் 125 வாங்கியிருக்க வேண்டிய இடத்தில் 100 வாங்கியிருந்தால், க்ளைமில் 80% கிடைக்கும். பாலிசியே கொடுத்திருக்க மாட்டார்கள் என்றால் பாலிசி ரத்து; க்ளைம் இல்லை, பிரீமியம் திரும்ப வரும். தெரிந்தே மறைத்திருந்தால் க்ளைமும் இல்லை, பிரீமியத்தையும் பொதுவாக அவர்களே வைத்துக்கொள்ளலாம். "ரீமேப் என்று முதல் ஓனர் சொன்னார்" என்று நீங்களே இங்கே எழுதிவிட்டீர்கள். இனி அதை விட்டுவிட்டுத் தெரியாது என்று சொல்ல வழியில்லை.

இந்தியாவில் முக்கியமான உண்மைகளைக் கேட்காமலே சொல்ல வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இன்னும் உண்டு. காரின் பட்டியல் விலையில் அடங்காத எலெக்ட்ரிக்கல் பொருள்களுக்கு ஐஎம்டி 24 என்ற எண்டார்ஸ்மென்ட் (பாலிசியோடு சேர்க்கும் கூடுதல் பிரிவு), சிஎன்ஜி/எல்பிஜி கிட்டுக்கு ஐஎம்டி 25. மோட்டார் டேரிஃபில் (பிரீமியக் கட்டண விதிகள்) இரண்டுக்கும் கூடுதல் பிரீமியம் பொருளின் மதிப்பில் 4% என்று இருந்தது. மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 52-ம் பொருந்தும்: ஆர்சியில் உள்ள விவரத்தை மாற்றும் எந்த வேலைக்கும் ஆர்டிஓ பதிவு வேண்டும். கேஸ் கிட் பாலிசியில் பதிவாகி ஆர்சியில் பதிவாகவில்லை என்றாலும் சிக்கல்தான்.

பல நாடுகளில் எதிர்த்தரப்பினரின் காயத்துக்குக் கம்பெனி பணம் கொடுத்தே ஆக வேண்டும். கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்க வரலாம். "தேர்ட் பார்ட்டி எப்படியும் கிடைக்குமே" என்று நினைப்பவர்கள் இந்த இரண்டாம் பாதியை மறந்துவிடுகிறார்கள்.

சர்வே கண்

இதோடு ஒன்று. பதிந்துவிட்டார்கள் என்பதற்காகப் பணம் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. 18 இன்ச் அலாயைக் குறித்துக்கொண்டு, உடைந்தால் 16 இன்ச் ஸ்டீல் வீல் விலை மட்டும் தரும் பாலிசிகள் ஏராளம். கேட்க வேண்டிய கேள்வி: "மாற்றிய பாகத்துக்கு அதே பாகம் தருவீர்களா, ஸ்டாண்டர்ட் பாகமா?"

படிவத்தின் ஆம்/இல்லையில் இவ்வளவும் அடங்காது. "ஆம்" போட்டு, கீழே வரும் பட்டியலில் பொருந்துவதைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் இல்லாததை பாலிசி தொடங்கும் முன் மெயிலில் அனுப்புங்கள்: பொருள், யார் எப்போது மாட்டியது, மதிப்பு, போட்டோ. போனில் சொன்னால் தேதி, நேரம், குறிப்பு எண் வாங்கிக்கொண்டு, அன்றே அதை மெயிலில் உறுதிப்படுத்துங்கள். பிறகு வரும் ஷெட்யூலில் (பாலிசியின் விவரத் தாளில்) ஒவ்வொன்றும் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஏஜென்ட் "நோட் பண்ணிட்டேன் சார்" என்பதும் ஷெட்யூலில் இருப்பதும் ஒன்றல்ல.

பிரீமியம் பற்றி: கேமராவுக்கும் டோ பாருக்கும் பெரும்பாலும் ஒன்றும் ஏறாது, அலாய்க்குக் கொஞ்சம் ஏறலாம். ரீமேப் இன்னும் உயிரோடு இருந்தால் சில கம்பெனிகள் எடுக்கவே மாட்டார்கள். அதனால் டீலர் அறிக்கையை முதலில் வாங்கிவிட்டு, அப்புறம் விலை கேளுங்கள்.

பின்சக்கரம்

திங்கட்கிழமை டீலர்கிட்ட ஸ்கேனுக்கு நேரம் வாங்கியாச்சு. பில்ட் ஷீட்டும் சேர்த்தே கேட்டிருக்கேன்.