அமெரிக்காவில் ஒரு சின்ன ஊர், ஆஸ்திரேலியாவில் ஒரு சின்ன ஊர்: உங்கள் அனுபவம் எப்படி?

சங்கரன்கோவில்காரி எழுதியது:

போன வாரம் அக்கா மகள் போன் செய்தாள். அவள் வீட்டுக்காரருக்கு அமெரிக்காவிலும் வேலை வந்திருக்கிறதாம், ஆஸ்திரேலியாவிலும் வந்திருக்கிறதாம். "எந்த நாடு நல்லா இருக்கும் சித்தி? நீங்கதான் ரெண்டுலயும் இருந்திருக்கீங்களே" என்றாள். நாடு கிடக்கட்டும், எந்த ஊர் என்று சொல் என்றேன். கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். யோசித்துப் பார்த்தால் சொல்ல நிறைய இருந்தது. மற்றவர்களும் எழுதுங்கள், எல்லாவற்றையும் சேர்த்து அவளுக்கு அனுப்பிவிடுகிறேன்.

நாங்கள் குடியிருந்தது நான்கு வீடு. நியூஜெர்சி எடிசனில் இரண்டு வருஷம், இந்தியானா மாநிலத்துக் கொலம்பஸில் ஏழு வருஷம். கிரீன் கார்டு வரிசையில் நின்று கால் வலித்துப்போய் 2018 கடைசியில் ஆஸ்திரேலியா வந்தோம். டப்போவில் நான்கு வருஷம், இப்போது சிட்னியில் வென்ட்வொர்த்வில். என் வீட்டுக்காரருக்கு டீசல் என்ஜின் வேலை. என்ஜின் எங்கேயோ அங்கே சோறு.

நகரங்களைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். எடிசனில் ஓக் ட்ரீ ரோடு, இங்கே ஸ்டேஷன் பக்கத்துக் கடைகள். இரண்டிலும் முருங்கைக்காய் கிடைக்கும், இட்லி மாவு கிடைக்கும், கோயிலுக்குப் போனால் தெரிந்த முகம் நாலு கிடைக்கும். வாடகை இரண்டிலும் கழுத்தைப் பிடிக்கும். எடிசனில் எதிர்வீட்டுக்காரரின் பெயரே, அவர் காலி செய்த அன்று லாரியில் ஏற்றிய பெட்டியின் மேல் எழுதியிருந்ததைப் படித்துத்தான் எனக்குத் தெரிந்தது. சிட்னியில் ரயில் அடிக்கடி வருகிறது, கார் இல்லாமலும் பிழைக்கலாம். எனக்குப் பட்ட பெரிய வித்தியாசம் அவ்வளவுதான்.

சின்ன ஊர்தான் கதை.

கொலம்பஸில் சுமார் 50,000 பேர். டீசல் என்ஜின் செய்யும் கம்மின்ஸ் கம்பெனியின் தலைமையகம். ஊரைச் சுற்றிச் சோளக்காடு, ஊருக்குள் பார்த்தால் பேர்போன கட்டடங்கள். பள்ளிக்கூடம் மாதிரிப் பொதுக் கட்டடம் எழுப்பினால் ஆர்க்கிடெக்ட்டுக்கான கட்டணத்தைக் கம்மின்ஸ் அறக்கட்டளை கொடுக்கும் என்று 1950களில் ஆரம்பித்த ஏற்பாடு அது. ஊர் நூலகம் ஐ. எம். பெய் வடிவமைத்தது, 1969இல் திறந்தது. வாசலில் ஹென்றி மூர் செய்த ஆளுயரத்துக்கும் மேலான வெண்கல வளைவு. இதெல்லாம் தெரியாமல் அந்த வளைவில் சாய்ந்துகொண்டு என் மகனுக்குத் தயிர்சாதம் ஊட்டியிருக்கிறேன்.

போன புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வெளியே கார் ஓட்டிக்கொண்டு போனோம். எதிரே வந்த பிக்கப் வண்டிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஆட்காட்டி விரலை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். அடுத்து வந்தவரும் அப்படியே. மூன்றாவது ஆளும் விரலைத் தூக்கவும், என் வீட்டுக்காரர் பயந்துபோய் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். இறங்கி நான்கு டயரையும் குனிந்து பார்த்தார், டிக்கி திறந்திருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றுமில்லை. அது வணக்கமாம். மறுநாள் ஆபீசில் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்.

ஏழு வருஷம் கழித்து டப்போவிலிருந்து நாரோமைன் போகும் ரோட்டில் எதிரே ஒரு யூட் வந்தது, பிக்கப்புக்கு இங்கே அதுதான் பெயர். அதே விரல்! ஸ்டியரிங் மட்டும் இடமிருந்து வலம் மாறியிருந்தது. "டயரைப் பார்க்கணுமா?" என்றேன். அவர் பதில் சொல்லாமல் விரலைத் தூக்கிக் காட்டினார்.

இந்தியானாவில் பனிக்காலத்தில் அவர் வெளியூர் போயிருந்தால் எனக்கு அழுகை வரும். ஒரு ஜனவரி காலை ஆறு மணிக்குப் பனி அள்ளும் ஷவலை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தால், கார் போகும் பாதை முழுக்க சுத்தமாக இருக்கிறது. பக்கத்து வீட்டுத் தாத்தா, எழுபதைத் தாண்டியவர், தன் வாசலைத் தள்ளிய கையோடு எங்கள் வாசலையும் மெஷினால் தள்ளிவிட்டிருந்தார். மறுநாள் ஒரு டப்பா முறுக்கு கொண்டுபோய்க் கொடுத்தேன். டப்பா ஆறு மாதம் வரவில்லை. கோடையில் அவர் தோட்டத்துச் சுரைக்காய் மாதிரி ஒரு காயில் செய்த ரொட்டியோடு திரும்பி வந்தது. வெறும் டப்பாவைத் திருப்பித் தரக்கூடாது என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ!

இன்னொரு டப்பாவும் அந்த ஊரில் மறக்காது. பெட்ரோல் போடும் இடத்தில் கல்லா பக்கத்தில் ஒரு பழைய காபி டின் வைத்திருப்பார்கள். மேலே ஒரு போட்டோ ஒட்டியிருக்கும். புற்றுநோய்ச் சிகிச்சைக்குச் சில்லறை போடுங்கள் என்று எழுதியிருக்கும். சர்ச்சில் அதற்காகச் சாப்பாட்டு விருந்து நடக்கும், ஊரே வரும். எவ்வளவு நல்ல ஜனங்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் என் மகன் நான்கு வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்து முகவாய் கிழிந்தது. பத்து நிமிஷத்தில் ஆஸ்பத்திரி, நான்கு தையல், கனிவான டாக்டர். பில் மூன்று மாதம் வரைக்கும் தவணை தவணையாக வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தனி, டாக்டருக்குத் தனி. கம்பெனி இன்சூரன்ஸ் இருந்தும், அந்த வருஷம் நாங்கள் முதலில் கட்டவேண்டிய தொகை இன்னும் தீரவில்லை என்று சொல்லி, ஆயிரத்துச் சொச்சம் டாலர் கைக்காசு போனது. காபி டின் ஏன் இருக்கிறது என்று அன்றைக்குப் புரிந்தது.

இனி டப்போ. அம்மா கடைசி வரை "டப்பா ஊர்" என்றுதான் சொன்னாள். சிட்னியிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர். ரயில் நாளைக்கு ஒன்று, ஆறரை மணி நேரம்.

வந்த வருஷம் அவருக்குக் கிட்னியில் கல். அரசு ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். கிளம்பும்போது இவர் கையில் கார்டை வைத்துக்கொண்டு பணம் எங்கே கட்டுவது என்று ஒவ்வொரு கவுண்டராகப் போய்க் கேட்கிறார். கட்டவேண்டாம் என்றால் நம்பவில்லை. வீட்டுக்கு வந்தும் ஒரு மாதம் தபால்பெட்டியைச் சந்தேகத்தோடுதான் திறந்தார். ஆனால் மகனுக்குக் காதில் பிரச்சினை வந்தபோது சிறப்பு மருத்துவர் சிட்னியில்தான் கிடைத்தார். புளூ மவுண்டன்ஸ் தாண்டி ஐந்து மணி நேரம். திரும்பும்போது பொழுது சாய்வதற்குள் ஊர் சேரவேண்டும், இல்லாவிட்டால் கங்காரு குறுக்கே பாயும். இந்தியானாவில் நவம்பரில் மானுக்குப் பயந்த மாதிரி இங்கே வருஷம் முழுக்க. நூறு கிலோமீட்டருக்கு மேல் போய் வைத்தியம் பார்த்தால் மாநில அரசு பயணச் செலவில் ஒரு பங்கைத் தரும், படிவம் நிரப்பி வாங்கினோம். அங்கே பணம் கேட்டார்கள், இங்கே கிலோமீட்டர் கேட்டார்கள்.

சிரிப்பான சம்பவமும் உண்டு. பின்வீட்டு அம்மா, "சனிக்கிழமை ஆறு மணிக்கு டீ சாப்பிட வாங்க" என்றார். ஆறு மணிக்கு என்ன டீ, சரி போவோம் என்று ஒரு தட்டு மசால்வடை சுட்டு, போவதற்கு முன்னால் எல்லோருக்கும் வயிறு நிறையச் சாதமும் போட்டுக் கூட்டிப்போனேன். மேசையில் முழு ஆட்டுத்தொடை வறுவல்! அங்கே கிராமப்பக்கம் டீ என்றால் ராச்சாப்பாடு. அன்றைக்கு எங்களுக்குப் புரட்டாசிச் சனி வேறு. விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா பதறாமல் பரங்கிக்காயும் உருளைக்கிழங்கும் சுட்டு வைத்தார். வடை பத்து நிமிஷத்தில் காலி. வருஷத்தில் எத்தனை சனிக்கிழமை இப்படி என்று கேட்டுக் காலண்டரில் குறித்துக்கொண்டார்.

துணி காயப்போடுவது இன்னொன்று. இந்தியானாவில் எங்கள் குடியிருப்புச் சங்கம் வெளியே கொடி கட்டவே விடாது, வெயில் வீணாகப் போகும். இங்கே வீட்டுக்கு வீடு பின்பக்கம் குடை மாதிரி விரிந்து காற்றில் சுற்றும் ஹில்ஸ் ஹாய்ஸ்ட் நிற்கிறது. அடிலெய்டில் 1945இல் செய்ய ஆரம்பித்தது. முதல் நாள் அதில் புடவையை விரித்தபோது ஊருக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது.

அந்தச் சந்தோஷத்தையும் 2020 ஜனவரிப் புழுதிப்புயல் கெடுத்தது. மழை பொய்த்துப் பர்ரன்டாங் அணையில் இரண்டு சதவீதம்கூடத் தண்ணீர் இல்லை. அதற்கு முந்தின நவம்பரிலேயே ஊரில் நான்காம் கட்டத் தண்ணீர்க் கட்டுப்பாடு. ஷவருக்குக் கீழே வாளி வைத்துப் பிடித்துக் கறிவேப்பிலைக்கு ஊற்றினேன். அதே 2019இல் சென்னையில் அண்ணன் வீட்டில் அம்மா தண்ணி லாரிக்குக் குடத்தோடு நின்றாள். "வெளிநாடு போயும் வாளியா?" என்றாள். புயல் வந்த அன்று வானம் முதலில் செங்கல் நிறமானது, பிறகு கும்மிருட்டு. தெளிந்த பிறகு போய்ப் பார்த்தால் கொடியில் இருந்த வெள்ளை வேட்டி காவி வேட்டி.

பொன்னமராவதிப் பையன் எழுதியது:

அக்கா, எனக்குத் தலைகீழ் ரூட். முதலில் மெல்பர்ன், ஆறு வருஷமாக ஆர்கன்சாவில் பென்டன்வில்.

மெல்பர்ன் நடுநகரில் வலது பக்கம் திரும்பவேண்டும் என்றால் இடது ஓரத்துக்குப் போய் நிற்கவேண்டும். குறுக்கு ரோட்டுக்குப் பச்சை விழும்போது முழு ரோட்டையும் கடந்து வலதுபக்கம் போகவேண்டும். டிராம் பாதையை மறிக்கக்கூடாது என்பதற்காக. தெரியாமல் நான் நேராக நடுவில் போய் நின்றுவிட்டேன். பின்னால் டிராம் மணி அடிக்கிறது, பாருங்கள், தேர் வந்து நிற்கிற மாதிரி. அத்தனை பேரும் ஜன்னல் வழியாக என்னையே பார்க்கிறார்கள்.

அங்கே டிப்ஸ் கொடுத்துப் பழக்கமில்லை. இங்கே வந்த முதல் மாதம் ஓக்லஹோமாவில் நெடுஞ்சாலை ஓரக் கடையில் சாப்பிட்டுவிட்டு, பில்லில் இருந்ததை மட்டும் வைத்துவிட்டு எழுந்தேன். பரிமாறிய அம்மா கார் வரைக்கும் வந்து, "சாப்பாட்டில் ஏதாவது குறையா?" என்று கேட்டார். கோபமே இல்லை, கவலையாகக் கேட்டார். டிப்ஸ் வாங்குகிறவர்களுக்கு முதலாளி கொடுக்கவேண்டிய குறைந்தபட்சக் கூலி கூட்டரசுச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர், 1991இலிருந்து அதுதான் என்று பிற்பாடு தெரிந்து கூசிப்போனேன். அந்த வழியில் போகும்போதெல்லாம் அங்கேதான் சாப்பிடுகிறேன்.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ளமாட்டேன். உங்கள் கொலம்பஸும் என் பென்டன்வில்லும் சின்ன ஊர்க் கணக்கில் சேராது. இங்கே வால்மார்ட் தலைமையகம். வால்டன் குடும்பத்துப் பணத்தில் வந்த கிரிஸ்டல் பிரிட்ஜஸ் ஓவிய மியூசியத்தை 2011 முதல் காசு கொடுக்காமல் பார்க்கிறோம். சில மணி நேரம் கிழக்கே ஓட்டிப் பாருங்கள். கடைத்தெருவில் பாதி ஷட்டர் இறங்கியிருக்கும், மலிவுவிலைக் கடை ஒன்றில்தான் விளக்கு எரியும். அங்கேயும் விரலைத் தூக்குவார்கள், ஆனால் வேலை கிடையாது.

யாழ்ப்பாணத்து அண்ணன் எழுதியது:

தங்கச்சி, அமெரிக்காவைப் பற்றி எனக்குக் கதைக்கத் தெரியாது. அவுஸ்திரேலியாவில் பதினாலு வருஷம், பிரிஸ்பேனில் இருக்கிறேன். ஒரு ஊரைப் பற்றி மட்டும் சொல்லவேணும்.

பிலோயீலா. கிளாட்ஸ்டனிலிருந்து உள்ளுக்கு 120 கிலோமீட்டர், சனம் 6,000 அளவில். இலங்கையிலிருந்து தஞ்சம் கேட்டு வந்த தமிழர், நடேஸ், பிரியா குடும்பம் இருந்த ஊர். நடேஸ் அங்கே இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தவர். 2018 மார்ச்சில் விசா முடிந்ததென்று எல்லைப் படை அதிகாரிகள் விடியப்புறம் வந்து குடும்பத்தோடு ஏற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த வருஷம் கிறிஸ்மஸ் தீவுத் தடுப்பு முகாமில் கொண்டுபோய் வைத்தார்கள்.

அந்தக் காலத்தில் வேலை அலுவலாக அந்தப் பக்கம் போனேன். பெற்றோல் செட்டில் காசு கட்டும்போது போனில் மனிசியோடு தமிழில் கதைத்தேன். கல்லாவில் நின்ற வெள்ளைக்காரப் பெண், "நீங்கள் பிரியாவின் சொந்தமா?" என்று கேட்டா. இல்லை, அதே பாசை என்றேன். சில்லறையைத் தந்துவிட்டு, "அவர்கள் இங்கேதான் வரவேணும், இது அவர்களின் ஊர்" என்று சொன்னா. எனக்கு ஒன்றும் வாயில் வரவில்லை. பெற்றோல் மூடியைப் பூட்டாமலே வண்டியை எடுத்துவிட்டேன்.

வலதுசாரிக் கட்சியையே பாராளுமன்றத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்த தொகுதி அது. அந்தச் சனம்தான் நாலு வருஷம் விடாமல் நின்றது. 2022 யூனில் குடும்பம் ஊர் திரும்பியது, ஓகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது. பிரிஸ்பேனில் என் தெருவில் அப்படிக் கேட்க ஆள் இருக்குதோ தெரியாது.

சங்கரன்கோவில்காரி எழுதியது:

அண்ணா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். தம்பி, நீ சொன்ன ஷட்டர் விஷயம் சரிதான். நான் பார்த்தது பணக்காரச் சின்ன ஊர்.

அக்கா மகளிடமிருந்து தகவல் வந்துவிட்டது. அமெரிக்க வேலை டல்லாஸ் பக்கம். ஆஸ்திரேலிய வேலை கல்கூர்லியில், தங்கச் சுரங்கம், பெர்த்திலிருந்து சுமார் 600 கிலோமீட்டர். டப்போவே அம்மாவுக்கு டப்பாவாகத் தெரிந்தது! உன் வீட்டுக்காரருக்கு வண்டி ஓட்டப் பிடிக்குமா என்று மட்டும் கேட்டிருக்கிறேன். அவளோ, கறிவேப்பிலை கிடைக்குமா சித்தி என்கிறாள். என் செடியிலிருந்து ஒரு கன்று கொடுக்கலாம் என்றால், கிழக்கிலிருந்து செடிகொடி கொண்டுபோக மேற்கு ஆஸ்திரேலியாவில் லேசில் விடமாட்டார்கள்.

கல்கூர்லியில் யாராவது இருக்கிறீர்களா? வீட்டில் செடி இருக்கிறதா?