பல்கலைக்கழக ஜிம்மில் கேட்ட பங்க் ராக் கச்சேரி: போனவர்கள் எழுதுங்கள்

90களின் முதல் பாதியில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் படித்தவர்கள் இங்கே சிலர் இருப்பீர்கள். கூடைப்பந்து ஆடும் ஜிம்மில், வேகமும் சத்தமுமாக வாசிக்கும் பங்க் ராக் குழுக்கள் வந்து வாசித்துவிட்டுப் போன காலம் அது. போயிருந்தால் உங்கள் நினைவில் இருப்பதை எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

நான் முதுகலை படித்த ஊர் வாஷிங்டன் டி.சி.யிலிருந்து சில மணி நேரக் கார் பயணம். வளாக வானொலியில் இரவு நிகழ்ச்சிக்கு இசைத்தட்டு எடுத்துக் கொடுக்கும் வேலையைச் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்தேன். அந்த வானொலிக்குப் பணம் சேர்க்கத்தான் கச்சேரி. அதை ஏன் ஜிம்மில் வைத்தார்கள் என்றால், எல்லாம் வயதுப் பிரச்சினை. 1984ல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டத்தின் நெருக்கடியால் எல்லா மாநிலங்களும் மது வாங்கும் வயதை 21 ஆக்கிவிட்டன. சின்னக் குழுக்களுக்கு மேடை கொடுத்த கிளப்கள் பிழைத்ததோ மது விற்றுத்தான். 18, 19 வயதுப் பிள்ளைகளைப் பல கிளப்களில் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். பங்க் பாட்டுக்கு உயிரைக் கொடுக்கும் வயதே அதுதான்! ஜிம்மில் மது கிடையாது, அதனால் யாரும் வரலாம்.

நான் டிக்கெட் மேசையில் இருந்தேன். வந்த பிள்ளைகளில் பல பேர் புறங்கையில் கறுப்பு மார்க்கரால் பெரிய பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். வரிசையில் நின்ற பையன் ஒருவனிடம் கேட்டேன். அவன் சொன்ன கதையைப் பிறகு பல இடங்களில் படித்து உறுதி செய்துகொண்டேன். 1980ல் டீன் ஐடில்ஸ் என்ற டி.சி. குழு கலிஃபோர்னியாவுக்கு வாசிக்கப் போனது. எல்லாரும் பதின்வயதுப் பிள்ளைகள். சான் பிரான்சிஸ்கோவில் மபுஹே கார்டன்ஸ் என்ற கிளப்பில் இவர்களுக்கு மது தரக் கூடாது என்பதற்கு அடையாளமாகக் கையில் அந்தக் குறியைப் போட்டு உள்ளே விட்டார்கள். ஊர் திரும்பியதும் தங்கள் ஊர்க் கிளப்பிலும் போய், ‘இப்படிக் குறி போட்டு எங்களை உள்ளே விடுங்கள், நாங்கள் குடிக்க மாட்டோம், பாட்டுக் கேட்டால் போதும்’ என்று கேட்டார்கள். அப்படித்தான் அது பரவியது. விலக்கி வைக்கப் போட்ட குறியையே, ‘குடிக்க மாட்டேன், போதை வேண்டாம்’ என்று தானாக முடிவெடுத்தவர்கள் பெருமையாகப் போட்டுக்கொள்ளத் தொடங்கினார்கள். எனக்கு இது இன்றைக்கும் பிடித்த கதை.

எங்கள் மேடைக்கு வந்தது புகழ்பெற்ற குழு கிடையாது. பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் மூன்று பேர். ஆனால் நடத்திய விதம் முழுக்க ஃபுகாஸி வழி. 1987ல் மேடையேறிய அந்த டி.சி. குழு ஐந்து டாலரை ஒட்டித்தான் டிக்கெட் வைக்கும், வயது வரம்பு வைக்காது, டி-ஷர்ட் விற்காது. கூட்டத்தில் யாராவது கை ஓங்கினால் பாட்டை நிறுத்திப் பேசிப் பார்ப்பார்கள். கேட்கவில்லையென்றால் டிக்கெட் காசைக் கையில் கொடுத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். நாங்களும் ஐந்து டாலர்தான் வாங்கினோம்.

காலையிலிருந்து தரைதான் பெரிய வேலை. ஜிம் தரை மேப்பிள் பலகை. ஒரு கீறல் விழுந்தாலும் விளையாட்டுத் துறையில் எங்களைச் சும்மா விடமாட்டார்கள். தார்ப்பாய் கொண்டுவந்து விரித்து, ஓரத்துக்கு ஓரம் டக்ட் டேப் ஒட்டினோம். ஒட்டிய இடத்தை முழங்காலால் தேய்த்துத் தேய்த்து அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் முதல் பாட்டிலேயே பிய்ந்து காலில் சுற்றிக்கொள்ளும். டிரம்ஸ் நழுவாமல் இருக்க அடியில் ஒரு பழைய கம்பளம். கூடை வளையங்களை மேலே ஏற்றிக் கட்டினோம். மேடை என்று முழங்கால் உயரத்துக்கு நாலைந்து மரப் பெட்டிகள். பாடுகிறவனுக்கும் முன்வரிசைக்கும் நடுவே வேறு எதுவும் இல்லை.

மூன்றாவது பாட்டோ நான்காவது பாட்டோ. அதற்குள் சுவர் வியர்த்துவிட்டது, கையால் தொட்டால் ஈரம். பாட்டுக்கு ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு கூட்டம் குதிக்கிற குதியில் தரை ஏறி இறங்குவது மேசையடியில் இருந்த என் காலுக்குத் தெரிந்தது. திடீரென்று பாடகன் கையைத் தூக்கினான். டிரம்ஸ் அந்த அடியிலேயே நின்றது. நடுவில் ஒரு பெண் விழுந்திருந்தாள். அடுத்த நொடி அவளைச் சுற்றி நின்றவர்கள் கையைக் கோத்து, முதுகால் கூட்டத்தைத் தள்ளி இடம் பண்ணிவிட்டார்கள். இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஏதோ சொன்னாள். மூக்குக் கண்ணாடி! உடனே அந்தக் கூட்டம் முழுக்கக் குனிந்து தார்ப்பாயைத் தடவ ஆரம்பித்தது. அரை நிமிடம் முன்னால் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து மோதியவர்கள். கிடைத்த பையன் அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான். அதன் ஒரு காதுக் கம்பி வளைந்திருந்தது. அவள் அதை நிமிர்த்திப் போட்டுக்கொண்டு மேடையைப் பார்த்துத் தலையாட்டினாள். விட்ட அடியிலிருந்து பாட்டு தொடங்கியது.

பங்க் கச்சேரி என்றால் அடிதடி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அங்கே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட அளவுக்கு வேறெந்தக் கூட்டத்திலும் நான் கண்டதில்லை. உங்கள் அனுபவமும் இதுதானா?

*

எல்லா இடத்திலும் அப்படி இல்லை. மேலே எழுதிய நண்பர் கதவுப் பக்கம் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே நின்றவள், அதனால் இதையும் சொல்ல வேண்டும்.

நான் படித்தது மேற்குக் கரையில். முதல் தடவை ஜிம் கச்சேரிக்குப் போனபோது என் உயரத்துக்கு முன்னால் முதுகுகள் மட்டும்தான் தெரிந்தன. நடுவில் இடிப்பவர்கள் எல்லாரும் ஆண் பிள்ளைகள். சில கைகள் தெரியாமல் படவில்லை, வேண்டுமென்றே பட்டன. நானும் என் அறைத்தோழியும் சுவரோரம் மடக்கி வைத்திருந்த கேலரிப் படிகளில் சாய்ந்துகொண்டு, இடிக்கப் போனவர்கள் எங்களிடம் தள்ளிவிட்ட மேல்சட்டைகளை வைத்துக்கொண்டு நின்றோம். அந்த வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் பெண்கள். ஒவ்வொருத்தி கையிலும் யாரோ ஒருவனுடைய சட்டை!

இதை மாற்றியது பெண்கள்தான். வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பியாவில் 1990ல் தொடங்கிய பிகினி கில் குழுவின் கேத்லீன் ஹேனா, பெண்கள் எல்லாரும் முன்னால் வாருங்கள், ஆண்கள் பின்னால் போங்கள் என்று மேடையிலிருந்தே கேட்பார். 1991 கோடையில் அவர்கள் டி.சி.யில் தங்கியிருந்தபோது அங்கிருந்த பெண்களோடு சேர்ந்து, பங்க் உலகில் பெண்களுக்கு இடம் கேட்ட ரயட் கர்ல் என்ற இயக்கமே உருவானது. கையால் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, பின் அடித்த சிறு பத்திரிகைகள் கைமாறிக் கைமாறி எங்கள் விடுதிவரை வந்தன. பாட்டைவிட அந்தத் தாள்களைத்தான் நான் அதிகம் படித்தேன்.

அடுத்த வருடம் அதே ஜிம்மில் ஒரு பெண்கள் குழு வாசித்தது. அவர்களும் அதையே கேட்டார்கள். முணுமுணுப்பு வந்தது, பின்னால் ஒருவன் கத்தினான். பாஸ் கிட்டார் வாசித்தவள் ஒன்றும் பேசாமல், வழி விடும்வரை வாசிக்கப் போவதில்லை என்று பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரத்தில் வழி விட்டார்கள். நான் சட்டைகளைப் படியில் போட்டுவிட்டு முன்னால் போனேன். கிட்டார்க் கம்பி அறுந்து சுருண்டதைக் கண்ணால் பார்க்கிற தூரம். என்னைவிடக் குள்ளமான ஒருத்தியை என் முன்னால் இழுத்து நிறுத்திக்கொண்டேன். அன்றைக்கு நான் குதித்த குதிக்கு மறுநாள் படியிறங்க முடியவில்லை.

விழுந்தவளைத் தூக்கிவிட்ட கூட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். தானாக அமைந்த பழக்கம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். யாரோ நின்று கேட்டு, சண்டை போட்டுக் கொண்டுவந்தது.

*

நான் பௌதிகம் படித்தவன், பகுதிநேரமாக ஒலி அமைப்பு வேலை பார்த்தேன். உங்கள் இருவருக்கும் ஜிம் பிடித்திருக்கிறது. ஒலிக்காரனுக்கு அதைவிடக் கொடுமையான இடம் கிடையாது!

நாலு பக்கமும் வழவழப்பான சுவர், மேலே தகரக் கூரை, கீழே பலகை. நடுவில் நின்று ஒரு கை தட்டினால் அந்தச் சத்தம் எதிரெதிர்ச் சுவர்களில் பட்டுப் பட்டு, சிறகடிக்கிற மாதிரி நீண்டுகொண்டே போகும். டிரம்ஸின் ஒரு அடி அடங்கும் முன் அடுத்த நாலு அடி வந்துவிடும், பங்க் வேகம் அப்படி. பாட்டின் சொற்கள் அதில் கரைந்தே போய்விடும். நாங்கள் கற்றுக்கொண்ட வழி இது: டிரம்ஸையும் கிட்டாரையும் ஸ்பீக்கரில் ஏற்றவே கூடாது, அவை தாங்களாகவே அந்த அறையை நிரப்பிவிடும். குரலை மட்டும் ஏற்ற வேண்டும். ஸ்பீக்கர் முகத்தைச் சுவருக்குக் காட்டாமல் கீழே, கூட்டத்தின் மேல் சாய்த்து வைக்க வேண்டும். மல்யுத்தக்காரர்களின் தடித்த பாய்களைப் பின்சுவரில் நிமிர்த்திச் சாய்த்துவிட்டால் பாதி நிம்மதி. மீதியைக் கூட்டம் பார்த்துக்கொள்ளும், ஏனென்றால் ஒலியை மனித உடம்பு நன்றாகவே உறிஞ்சும். மாலை ஒத்திகையில் கேட்கச் சகிக்காத அறை, இரவு ஆள் நிறைந்ததும் அடங்கிவிடும். ஆள் வராத கச்சேரிதான் காதைக் கிழிக்கும்.

காது என்றதும் ஒன்று. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும், 100 டெசிபலுக்குக் கால் மணி நேரம்தான் கணக்கு. பங்க் கச்சேரியில் 100 என்பது சர்வ சாதாரணம். நான் வாசலில் ஸ்பாஞ்ச் காதடைப்பான் ஒரு டப்பா வைத்திருப்பேன். அதை விரலால் ஊசிபோல உருட்டி, இன்னொரு கையால் காதை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது விரியும்வரை விரலை எடுக்காமல் இருக்க வேண்டும். இப்போது உங்கள் பிள்ளைகள் கச்சேரிக்குப் போனால் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

அப்புறம், அந்த மோதல் கூட்டம் பற்றி ஒரு செய்தி. கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஹெவி மெட்டல் கச்சேரி வீடியோக்களை எடுத்துக் கணக்குப் போட்டதில், இடித்துக்கொண்டு திரிகிறவர்களின் வேகம் வாயு மூலக்கூறுகளின் வேகம் எப்படிப் பரவியிருக்குமோ அப்படியே இருந்ததாம். கூட்டம் வட்டமாக ஓடத் தொடங்கினால் பெரும்பாலும் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில்தான் ஓடுகிறது என்றும் பார்த்திருக்கிறார்கள். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் மேசையிலிருந்து நான் பார்த்ததும் அதே திசைதான். வாயு மூலக்கூறு நின்று கண்ணாடி தேடாது, அது வேறு விஷயம்.

ஃபுகாஸி கச்சேரிக்குப் போனவர்கள் யாராவது இருந்தால் ஒரு நல்ல செய்தி. தங்கள் கச்சேரிகளில் எண்ணூறுக்கும் மேற்பட்டவற்றை அவர்கள் ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தார்கள். 2011லிருந்து டிஸ்கார்ட் (Dischord) என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் இணையதளத்தில் ஏற்றி வருகிறார்கள். தேதியும் ஊரும் வைத்துத் தேடினால் நீங்கள் நின்ற கச்சேரியே கிடைக்கலாம், பல்கலைக்கழகக் கச்சேரிகளும் அதில் உண்டு.

*

தொடங்கியவன் மறுபடி எழுதுகிறேன். சகோதரி சொன்னதை இரண்டு முறை படித்தேன். எங்கள் ஜிம்மிலும் படியோரம் சட்டை வைத்துக்கொண்டு பெண்கள் நின்றார்கள். இப்போது நீங்கள் சொல்லித்தான் அது கண்முன் வருகிறது. கண்ணாடியைத் தொலைத்த பெண் நடுவில் நின்றதற்கும் அவளுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்.

ஒலிக்கார நண்பருக்கு: எங்கள் கச்சேரியை வானொலி நண்பர் ஒருவர் மிக்ஸரிலிருந்து நேரடியாக ஒரு கேசட்டில் பிடித்தார். அது 90 நிமிட நாடா. வீட்டுப் பெட்டியில் இருக்கிறது, ஓட்டிப் பார்க்கப் பயமாக இருக்கிறது. இத்தனை வருடம் சும்மா கிடந்த நாடாவை அறுந்து போகாமல் டிஜிட்டலுக்கு மாற்ற என்ன செய்ய வேண்டும், எழுதுங்கள். மாற்றியதும் இங்கே போடுகிறேன். நடுவில் பாட்டு நிற்கிற இடம் அதில் இருக்க வேண்டும்.