ஸ்குவாட்டர் என்பதற்குப் ‘புகுகுடி’: ஒரு முன்மொழிவு

அனைவருக்கும் வணக்கம்.

ஆம்ஸ்டர்டாம் கட்டுரையை மொழிபெயர்க்கும் தங்கை ‘ஸ்குவாட்டர்’, ‘ஸ்குவாட்டர் உரிமை’ இரண்டுக்கும் சொல் கேட்டிருந்தார். காலியாகக் கிடக்கும் வீட்டிலோ நிலத்திலோ உரிமையாளரைக் கேட்காமல் புகுந்து வாழ்பவர்தான் ஸ்குவாட்டர். இழையில் வந்த சொற்களை எல்லாம் இரண்டு நாளாக வாக்கியங்களில் போட்டுப் பார்த்தேன். மடல் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> நாளிதழ்கள் ‘ஆக்கிரமிப்பாளர்’ என்றே எழுதுகின்றன. புதிதாக ஏன் தேட வேண்டும்?

ஐயா, நாளிதழ்கள் அந்தச் சொல்லை எங்கெல்லாம் போடுகின்றன என்று பாருங்கள். கண்மாய்க் கரையை வளைத்துக் கடை கட்டியவர், நடைபாதையில் படி இறக்கியவர், அண்டை நாட்டுக்குள் படை அனுப்பிய அரசு, எல்லாருக்கும் அதே சொல்தான். அதில் வலுக்கட்டாயம் ஏறியிருக்கிறது. பல வருடம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து பாய் விரித்துப் படுத்தவர், அங்கிருந்து யாரையும் விரட்டவில்லை. அவர் செய்தது சரியா தவறா என்பது வேறு பேச்சு. அந்தப் பேச்சு தொடங்கும் முன்பே சொல் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது.

நெதர்லாந்துக் கதைக்கு இது மிகவும் முக்கியம். அந்த நாட்டுக் குற்றவியல் சட்டம் வீட்டுக்கு ஓர் அமைதி உண்டு, அதைக் குலைப்பது குற்றம் என்கிறது. 1971-ல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம், யாரும் புழங்காத வீட்டுக்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. குலைப்பதற்கு அங்கே அமைதி என்று ஒன்று இருந்தால்தானே! அதன்பிறகு காலி வீட்டில் நுழைகிறவர்கள் கட்டில், மேசை, நாற்காலி மூன்றையும் முதல் நாளே கொண்டுபோய்ப் போட்டார்கள். அவை இருந்தால் அங்கே ஆள் வாழ்கிறார் என்று காட்டலாம். அந்த நிமிடம் முதல் வீட்டமைதி அவருக்கு உரியதாயிற்று. உரிமையாளர் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போய்த்தான் அவரை வெளியேற்ற வேண்டியிருந்தது. 2010 அக்டோபர் 1-ல் புதிய சட்டம் வந்து இது குற்றமாயிற்று. அதே மனிதர், அதே கட்டில். முந்தைய நாள் குடியிருப்பவர், மறுநாள் குற்றவாளி. கட்டுரையின் முதல் வரியிலேயே ‘ஆக்கிரமிப்பாளர்’ என்று எழுதிவிட்டால் இந்த மாற்றத்தை எந்தச் சொல்லால் சொல்வது?

> ‘குந்துகுடி’ எப்படி? மூலச் சொல்லும் குந்துவதைத்தானே குறிக்கிறது.

குந்துவது என்ற படம் ஆங்கிலத்துடையது. டச்சுக்காரர்கள் ‘உடைத்துத் திறத்தல்’ என்ற வினையிலிருந்து தங்கள் சொல்லை எடுத்தார்கள். ஸ்பானியர்கள் ‘கைக்கொள்ளுதல்’ என்ற வினையை எடுத்து, வேண்டுமென்றே எழுத்தை மாற்றி ‘ஓகுபா’ ஆக்கிக்கொண்டார்கள். ஒவ்வொரு மொழியும் தனக்குத் தோன்றிய படத்தைத்தான் எடுத்திருக்கிறது. நமக்குக் குந்துவது திண்ணையில் சற்று நேரம் உட்காருவது. அதோடு, ‘குந்தித் தின்றால் குன்றும் மாளும்’ என்று சோம்பலோடு அதைச் சேர்த்து வைத்திருக்கிறோம். கூரை ஒழுகும் வீட்டைச் செப்பனிட்டு, கண்ணாடி மாற்றி, குழாய் இழுத்து வாழ்ந்தவர்களுக்கு அந்தப் பெயர் நியாயமில்லை.

‘ஒண்டுகுடி’யும் வேண்டாம். ஒண்டுக் குடித்தனம் என்றால் வாடகை கொடுத்து ஒரே வீட்டில் பல குடும்பம் இருப்பது. அது போக, ‘ஒண்ட வந்த பிடாரி’ எல்லாருக்கும் நினைவுக்கு வந்துவிடும். ‘வெறுமனைக் குடியேற்றம்’ என்று கோவை நண்பர் எழுதியது காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் ‘மனை’ இன்று விளம்பரங்களில் வீடு கட்டாத நிலம் ஆகிவிட்டது. ‘குடியேற்றம்’ ஈழத்தில் அரசே ஆட்களைக் கொண்டுவந்து அமர்த்துவதைக் குறிக்கும். பெரிய புண் அது, அதன்மேல் இன்னொரு பொருளை ஏற்றக் கூடாது.

மலேசிய அக்கா சொன்ன ‘புறம்போக்குவாசி’ எனக்குப் பிடித்தது. அங்கே தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வேலையும் லயன் வீடும் (தொழிலாளர்களுக்குத் தோட்டம் கொடுத்த வரிசை வீடு) ஒன்றாகப் போய், காலி நிலங்களில் குடிசை போட்ட தமிழர்களுக்கு அந்தச் சொல் வழங்குகிறது. நிலத்துக்கு அது சரி. கட்டிய வீட்டுக்குள் புகுகிறவருக்குப் பொருந்தாது. தமிழ்நாட்டில் வருவாய்த்துறைச் சொல்லான அதையே எடுத்து ஆளைத் திட்டப் பயன்படுத்திவிட்டோம் என்பதும் வருத்தமான உண்மை.

என் முன்மொழிவு: புகுகுடி. செயலுக்குப் புகுகுடித்தனம். ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை, ஆகவே நடுவில் ஒற்று மிகாது. குடிபுகுதல் நம் வீட்டுச் சொல், அதைத் திருப்பிப் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான். யாரும் அழைக்காமல், வாடகை பேசாமல், தானே புகுந்த குடி. திருட்டையும் அது சொல்லவில்லை, தியாகத்தையும் சொல்லவில்லை.

ஒரு வாக்கியத்தில் சோதித்தேன். ‘1946-ல் பிரிட்டனில், குண்டுவீச்சில் வீடிழந்தவர்களும் போர் முடிந்து திரும்பியவர்களுமாகப் பல ஆயிரம் பேர் காலியான படை முகாம்களில் புகுகுடிகளாயினர், செப்டம்பரில் லண்டன் கென்சிங்டனில் ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடமும் புகுகுடிகள் கைக்கு வந்தது.’ இடறவில்லை. ‘ஆக்கிரமிப்பாளர்’ போட்டுப் படித்துப் பாருங்கள், வேறு கதை ஆகிவிடும்.

சரி, ‘ஸ்குவாட்டர் உரிமை’. இதற்கு ஒரே சொல் தேடுவதுதான் பிழை என்று நினைக்கிறேன். அதற்குள் இரண்டு வெவ்வேறு சங்கதிகள் இருக்கின்றன.

ஒன்று, இன்று இரவு வெளியே தள்ளப்படாமல் இருக்கும் பாதுகாப்பு. இங்கிலாந்தில் 1977-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, உள்ளே ஆள் இருந்து எதிர்க்கும்போது வன்முறையால் நுழைவதைக் குற்றமாக்கியது. புகுகுடிகள் அந்தப் பிரிவை அச்சடித்துக் கதவில் ஒட்டி வைப்பார்கள். 2012 செப்டம்பர் 1 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குடியிருப்புக் கட்டடத்தில் புகுவதே குற்றம், ஆறு மாதம் வரை சிறை. கடை, அலுவலகக் கட்டடங்களை அந்தச் சட்டம் தொடவில்லை. இதைப் புகுகுடிப் பாதுகாப்பு என்று சொல்லலாம்.

இன்னொன்று, நெடுங்காலம் இருந்ததால் சொத்தே சொந்தமாவது. இதற்கு நாம் எதையும் உருவாக்க வேண்டாம். நம் நீதிமன்றங்களில் ‘எதிரிடை அனுபவம்’ என்று வழங்குகிறது. 1963-ஆம் ஆண்டுக் காலவரைச் சட்டப்படி தனியார் சொத்துக்கு 12 ஆண்டு, அரசு சொத்துக்கு 30 ஆண்டு. அந்த அனுபவம் வலுக்கட்டாயமின்றி, மறைவின்றி, அனுமதியின்றி இருக்க வேண்டும் என்பது பழைய விதி. வலுக்கட்டாயமின்றி என்று சட்டமே கேட்கும் இடத்தில் ‘ஆக்கிரமிப்பு’ எப்படி உட்காரும்? ‘அனுமதியின்றி’ என்பதையும் கவனியுங்கள். பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டால் வீடு வாடகைக்காரருக்கே போய்விடும் என்று நம் ஊரில் பலர் பயப்படுகிறார்கள். வாடகைக்காரர் அனுமதியோடு இருப்பவர். வாடகைக்கு இருக்கும்வரை அவருக்கு எதிரிடை அனுபவம் வராது.

இரண்டும் வேறு என்பதற்கு லண்டன் இல்ஃபோர்டு வழக்கைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. ஒரு கட்டடத் தொழிலாளி 1997-ல் ஆளில்லாத வீடு ஒன்றைக் கண்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் செப்பனிட்டு, 2012 தொடக்கத்தில் குடிபுகுந்தார். அந்த ஆண்டே புதிய சட்டம் வந்தது. குற்றமான செயலை வைத்து உரிமை கோர முடியாது என்று நிலப் பதிவகம் அவருடைய மனுவைத் தள்ளியது. 2015-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது: குடியிருந்தது குற்றமாகவே இருந்தாலும், அனுபவத்தால் வரும் கோரிக்கை அதனால் அழிந்துவிடாது. இந்தத் தீர்ப்பை ‘ஆக்கிரமிப்பாளர் உரிமை’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு விளக்க முடியுமா? நான் முயன்று தோற்றேன். புகுகுடித்தனம் குற்றம், எதிரிடை அனுபவம் செல்லும். இரண்டு சொல் இருந்தால் ஒரே வரி போதும்.

இலங்கையில் இதே பொருளுக்கு ‘ஆட்சி’ என்ற அழகான சொல் இருக்கிறது. அதற்கான பத்திரத்தை ஆட்சி உறுதி என்று எழுதுவார்கள். 1871-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி அங்கே பத்து ஆண்டு. போர்க்காலத்தில் வழக்குத் தொடர முடியாமல் போனவர்களின் காணிகளுக்கு அந்த ஆண்டுகளைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று 2016-ல் தனிச் சட்டம் போட்டார்கள். அகராதியில் இரண்டையும் அருகருகே கொடுப்போம், ஒன்றை ஒன்று தள்ள வேண்டாம்.

> (மறுநாள் வந்த மடல்) ‘புகு’ என்றதும் ‘வீடு புகுந்து திருட்டு’ நினைவுக்கு வருகிறதே?

வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புதுமனை புகுவிழாவும் அதே வினைதான், அடைக்கலம் புகுதலும் அதே வினைதான். எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதைப் பக்கத்தில் நிற்கும் ‘குடி’ முடிவு செய்யும்.

எனக்கு இன்னும் தீராதது ஒருமைதான். ‘குடி’ குடும்பத்தையும் கூட்டத்தையும் குறிக்கிறது. தனி ஒருவரைச் சொல்லும்போது ‘புகுகுடியர்’ என்பதா, ‘புகுகுடியாளர்’ என்பதா? முதலாவது சுருக்கம், இரண்டாவது பேச வசதி. தங்கை கட்டுரையை வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டுமாம். அதற்குள் சொல்லுங்கள்.

அன்புடன்,
மதுரையிலிருந்து