ஆர்எம்ஐ நிரலை டைனமிக் கிளாஸ் லோடிங் இல்லாமல் ஓட்டுவது எப்படி?

கிடங்குக்கணக்கு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஒரு மொத்த விற்பனைக் கிடங்கின் இருப்புக் கணக்குக்காக ஜாவா 6 காலத்தில் எழுதப்பட்ட ஆர்எம்ஐ (ஒரு கணினியின் ஜாவா நிரல் இன்னொரு கணினியில் உள்ள மெத்தட்டை அழைக்கும் வசதி) நிரலைப் பராமரிக்கும் பொறுப்பு இப்போது என்னிடம் வந்திருக்கிறது. சர்வர் ஒரு லினக்ஸ் கணினியிலும், கிளையன்ட் 11 விண்டோஸ் கணினிகளிலும் ஓடுகின்றன. எழுதியவர் கிளாஸ் கோப்புகளை ஒரு வெப் சர்வரில் போட்டு, அதன் முகவரியை ‘ஜாவா.ஆர்எம்ஐ.சர்வர்.கோட்பேஸ்’ என்ற பிராப்பர்ட்டியில் கொடுத்திருந்தார். ரெஜிஸ்ட்ரியும் (சர்வரின் சேவைகளைப் பெயரால் பதிந்து வைக்கும் பட்டியல்) கிளையன்ட்டுகளும் வேண்டிய கிளாஸ்களை ஓடும்போதே அங்கிருந்து இறக்கிக்கொண்டன; இதுதான் டைனமிக் கிளாஸ் லோடிங்.

சென்ற வாரம் எல்லாவற்றையும் ஜாவா 8-க்கு மாற்றினோம். அன்றிலிருந்து சர்வர் எழும்பவில்லை. சேவையை ரெஜிஸ்ட்ரியில் பதியும் ரீபைண்ட் வரியில் சர்வர்எக்ஸெப்ஷன், அதனுள் அன்மார்ஷல்எக்ஸெப்ஷன், அதனுள் கிளாஸ்நாட்ஃபவுண்ட்எக்ஸெப்ஷன் என மூன்றடுக்காகப் பிழை வருகிறது. கடைசி அடுக்கில் எங்கள் ‘ஸ்டாக்சர்வீஸ்’ இன்டர்ஃபேஸின் பெயர் நிற்கிறது. அது சர்வரின் ஜார் கோப்பில் (கிளாஸ்களின் தொகுப்பு) இருப்பதைத் திறந்தே பார்த்துவிட்டேன். மறுமுனை அனுப்பும் முகவரியிலிருந்து கிளாஸ் இறக்குவதைத் தடுக்கும் ‘யூஸ்கோட்பேஸ்ஒன்லி’ பிராப்பர்ட்டியை ஃபால்ஸ் ஆக்கினால் தீரும் என்று நண்பர் ஒருவர் சொன்னார். எனக்கோ அந்த இறக்கும் ஏற்பாட்டையே எடுத்துவிட ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

அடுக்குத்தடம்

வணக்கம். அந்தப் பிழை உங்கள் சர்வரில் எழுந்ததன்று, ரெஜிஸ்ட்ரியில் எழுந்தது. வெளி அடுக்கில் சர்வர்எக்ஸெப்ஷன் என்றிருந்தால், அழைப்பை வாங்கிய மறுமுனையில் ஏதோ உடைந்தது என்று பொருள். ரீபைண்ட் செய்யும்போது மறுமுனை ஆர்எம்ஐரெஜிஸ்ட்ரி என்னும் தனிப் புராசஸ். நீங்கள் அனுப்பும் ஸ்டப்பை (கிளையன்ட்டில் சர்வர் பொருளுக்குப் பதிலாக நிற்கும் பொருள்) பிரிப்பதற்கு அதற்கும் ஸ்டாக்சர்வீஸ் கிளாஸ் வேண்டும், அதன் கிளாஸ்பாத்திலோ (ஜாவா கிளாஸ்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) அது இல்லை.

முன்பு ஓடியதற்குக் காரணம், ஆர்எம்ஐ ஒரு பொருளை அனுப்பும்போது அதன் கிளாஸ் பெயருடன் கோட்பேஸ் முகவரியையும் சேர்த்து எழுதுவதும், பெறுபவர் அந்த முகவரிக்குப் போய்க் கிளாஸை இறக்கிக்கொள்வதும்தான். அனுப்புபவர் யாரோ அவர் சொன்ன இடத்திலிருந்து கோடை இறக்கி ஓட்டுவது எவ்வளவு ஆபத்து என்று விளக்கத் தேவையில்லை. ஆகவே 2013-இல் வந்த ஜாவா 7 அப்டேட் 21-லும், ஜாவா 6 அப்டேட் 45-லும் யூஸ்கோட்பேஸ்ஒன்லியின் இயல்பு மதிப்பு ட்ரூ ஆனது. அதன் பின், பொருளுடன் வந்த முகவரியை ஜேவிஎம் (ஜாவா நிரலை ஓட்டும் மென்பொருள்) பொருட்படுத்துவதில்லை. நண்பர் சொன்னது பூட்டைக் கழற்றிவிட்டுக் கதவு நன்றாகத் திறக்கிறது என்பது போன்றது.

உடனடித் தீர்வு: இன்டர்ஃபேஸ்களையும், வந்துபோகும் தரவுக் கிளாஸ்களையும் ‘காமன்’ என்று ஒரு ஜாரில் கட்டி, சர்வர், ரெஜிஸ்ட்ரி, கிளையன்ட் மூன்றின் கிளாஸ்பாத்திலும் வையுங்கள்.

தாய்ச்சுவர்

மேலே உள்ளவர் சொன்னது சரி. ஆனால் தனி ரெஜிஸ்ட்ரியே எதற்கு? சர்வரின் மெயினில் லொகேட்ரெஜிஸ்ட்ரியின் கிரியேட்ரெஜிஸ்ட்ரியை 1099 போர்ட் கொடுத்து அழைத்து, அது திருப்பித் தரும் பொருளிலேயே ரீபைண்ட் செய்யுங்கள். ஒரே ஜேவிஎம் என்பதால் கிளாஸ் கிடைக்கவில்லை என்ற பேச்சே எழாது.

இன்னொன்று. ஜாரில் ‘_ஸ்டப்’ என்று முடியும் கிளாஸ்கள் இருக்கின்றனவா பாருங்கள். ஜாவா 5-இலிருந்து ஸ்டப்பை ஜேவிஎம் தானே ஓடும்போது உருவாக்கிக்கொள்கிறது. இருந்தும் பலர் பழக்கத்தில், ஸ்டப்பை முன்கூட்டியே உருவாக்கும் ஆர்எம்ஐசி கருவியை ஓட்டிவந்தனர். அந்தப் பழைய கோப்பு கையில் கிடைத்தால் ஜேவிஎம் அதையே பயன்படுத்தும். உடனே கிளையன்ட்டுக்கும் அது தேவைப்படும். அழித்துவிடுங்கள். நிரல் என்னென்ன செய்யலாம் என்று கட்டுப்படுத்தும் செக்யூரிட்டி மேனேஜரை நிறுவும் வரியும் பாலிசி கோப்பும் இறக்குவதற்கு மட்டுமே வைக்கப்பட்டவை என்றால், அவையும் போகலாம். ஜாவா 24-இல் செக்யூரிட்டி மேனேஜரே நிரந்தரமாக முடக்கப்பட்டுவிட்டது.

கிடங்குக்கணக்கு

இருவருக்கும் நன்றி. ஜாரில் நான்கு _ஸ்டப் கோப்புகள் இருந்தன, அழித்தேன். கோட்பேஸ் வரியையும் எடுத்துவிட்டேன். சர்வர் எழுந்தது, இருப்பும் விலையும் வருகின்றன. ஆனால் கொள்முதல் வரலாற்றைக் கேட்கும் ஒரு மெத்தட் மட்டும் கிளையன்ட்டில் கிளாஸ்நாட்ஃபவுண்ட்எக்ஸெப்ஷன் தருகிறது. பிழையில் உள்ள பெயர், தரவுத்தள வரிகளை ஜாவா பொருள்களாக்கும் ஹைபர்நேட் நூலகத்தின் பெர்சிஸ்டென்ட்பேக். அந்த மெத்தட் திருப்பித் தருவது வெறும் லிஸ்ட் என்றுதான் இன்டர்ஃபேஸில் இருக்கிறது. நிரல் எழுதும் கருவியான எக்லிப்ஸில் ஓட்டினால் பிழையே இல்லை என்பதுதான் குழப்பம்.

அடுக்குத்தடம்

இன்டர்ஃபேஸில் லிஸ்ட் என்று எழுதியிருந்தாலும், கம்பியில் போவது அந்த லிஸ்ட்டின் உண்மையான கிளாஸ். தரவுத்தளத்திலிருந்து எடுத்த என்டிட்டியை (தரவுத்தள வரியைக் குறிக்கும் பொருள்) அப்படியே திருப்பித் தருகிறீர்கள். அதனுள் ஹைபர்நேட் வைத்த பெர்சிஸ்டென்ட்பேக்கும் கூடவே பயணம் செய்கிறது. பழைய ஏற்பாட்டில் அதுவும் வெப் சர்வரிலிருந்து இறங்கியிருக்க வேண்டும். எக்லிப்ஸில் எல்லா ஜாரும் ஒரே கிளாஸ்பாத்தில் கிடப்பதால் இந்த வகைப் பிழை ஒருபோதும் அங்கே தலைகாட்டாது. காமன் ஜாரும் கிளையன்ட் ஜாரும் மட்டும் உள்ள ஒரு கணினியில் ஓட்டிப் பாருங்கள்.

ஹைபர்நேட் ஜாரைக் கிளையன்ட்டில் சேர்த்தாலும் பிழை மறையும், ஆனால் அதைச் செய்யாதீர்கள். காமன் ஜாரில் ‘பர்ச்சேஸ்ரெக்கார்ட்’ போன்ற எளிய கிளாஸ் ஒன்றை எழுதி, ஒவ்வொரு வரியையும் அதில் படியெடுத்து, புதிய அர்ரேலிஸ்ட்டில் போட்டு அனுப்புங்கள். எக்ஸெப்ஷன்களையும் மறக்க வேண்டாம்: சர்வரில் ஹைபர்நேட் எறியும் எக்ஸெப்ஷனை உங்கள் எக்ஸெப்ஷனுக்குள் காரணமாக வைத்து அனுப்பினால், காரணத்தைப் பிரிக்கப் போய்க் கிளையன்ட் மறுபடியும் இதே பிழையில் விழும். செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு, முழுத் தடத்தைச் சர்வரின் லாகில் எழுதுங்கள்.

தாய்ச்சுவர்

இனி 11 கணினிகளில் ஜாரின் 11 படிகள் இருக்கும் என்பதால், தரவுக் கிளாஸ் ஒவ்வொன்றிலும் சீரியல்வெர்ஷன்யூஐடி-யை (கிளாஸின் பதிப்பைக் குறிக்கும் எண்) நீங்களே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் ஒரு பப்ளிக் மெத்தட்டைச் சேர்த்தாலே எண் மாறி, பழைய படி வைத்திருக்கும் கணினியில் இன்வாலிட்கிளாஸ்எக்ஸெப்ஷன் வரும்.

கிடங்குக்கணக்கு

படியெடுக்கும் மெத்தட்டை எழுதியதும் கொள்முதல் வரலாறு சரியாக வந்தது. எக்ஸெப்ஷன் விஷயத்தை வேண்டுமென்றே சோதிக்கத் தரவுத்தளத்தை நிறுத்திவிட்டு அழைத்தேன். நீங்கள் சொன்னபடியே உடைந்தது, மாற்றியபின் ‘தரவுத்தளம் கிடைக்கவில்லை’ என்ற செய்தி கிளையன்ட் திரையில் வந்தது. நேற்று மாலை கிளாஸ் கோப்புகளுக்காக ஓடிய வெப் சர்வரை நிறுத்தினேன். இன்று காலை 10 கணினிகள் வேலை செய்தன. பதினோராவதில் மட்டும் இன்வாலிட்கிளாஸ்எக்ஸெப்ஷன். பார்த்தால், அதில் நான் எண் எழுதுவதற்கு முன் கட்டிய ஜார் இருந்தது. மாற்றிவிட்டேன். இழையை முடிக்கலாம்.